அரக்கும் விளக்கெண்ணெயும்

சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த நாட்களில் நான் அங்கே போனதில்லை. 1990ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தயம் இடம் மாறியபோது எனக்கு அரைக்கால் சட்டை வயது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினப் பாடகர்கள் ஒற்றைக் கிதாரை வைத்துக்கொண்டு பாடிய ப்ளூஸ், இசைத்தட்டாக வெளிவந்த 1920களிலும் 30களிலும் என் தாத்தாவுக்கே அரைக்கால் சட்டை வயது. ஆனாலும் இரண்டுக்கும் ஏங்குகிறேன். சைலன்சர் இல்லாத ஒரு பழைய பந்தயக் காரின் உறுமலை ஒலிப்பதிவில் கேட்டால் கைவேலை நின்றுவிடுகிறது. கீறல் விழுந்த தட்டிலிருந்து டிரம்பெட் எழும்பினால், என் வீட்டுப் பொருளை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி நெஞ்சு கனக்கிறது.

"நீ பார்க்காத ஒண்ணுக்கு எப்படிப்பா ஏக்கம் வரும்?" என்று மகள் கேட்டாள். கேலிதான். ஆனால் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

நான் இருக்கும் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஏக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. கன்டோன்மென்ட் கலெக்டராக இருந்த ஒரு துரையின் பெயரைச் சுமக்கும் பேட்டை இது. பக்கத்தில் ஃப்ரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று எல்லாம் துரைமார் பெயர்கள்தான். சர்வக்ஞ நகர் என்று பலகையில் எழுதிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் முதல் மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மா வரை இன்னும் காக்ஸ் டவுன் என்றுதான் சொல்கிறார்கள். 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலான பழைய தெருக்களிலிருந்து ஜனங்களை நகர்த்தக் காற்றோட்டமான பேட்டைகள் இந்தப் பக்கம் எழுந்தன. இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு பழைய பெங்களூர் கிடைக்கும். மின்விசிறி வேண்டாத மே மாதம், 'மங்கி டாப்' என்ற மர முகப்பு வைத்த ஜன்னல்கள், கிறிஸ்துமஸ் ராத்திரி நடனம்.

அந்தப் பழைய பெங்களூருக்காக அதிகம் உருகுகிறவர்கள் யார் என்று கவனித்திருக்கிறேன். பங்களாவின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள். பின்கட்டில் சமைத்தவர்களும், குதிரை தேய்த்தவர்களும், துணி வெளுத்தவர்களும் பெரும்பாலும் நம் தமிழாட்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பட்டாளத்தின் பின்னாலேயே வந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பேச்சிலும் பழைய காலம் வரும். உருக்கம் வராது. என் அம்மா பழைய அடுப்பைப் பற்றிப் பேசினால் அதில் மண்ணெண்ணெய் வாடையும், திரியை இழுத்துவிட்ட எரிச்சலும்தான் இருக்கும். "அது திரும்பி வரணும்னா நீயே சமைச்சுக்கோ" என்பாள். ஆக, இந்த ஊரில் ஏக்கம் என்பது எந்த வாசல் வழியாக ஒருவர் வீட்டுக்குள் வந்தார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் எந்த வாசல் வழியாக வந்தேன் என்று சொல்லிவிடுவது நல்லது.

பந்தயம் தாய்மாமா வழி. சிவாஜி நகரில் உதிரிபாகக் கடையில் வேலை செய்தவர். ஆண்டுக்கொரு முறை, நண்பரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, யெஸ்டி வண்டியில் ராத்திரியே மதராஸுக்குக் கிளம்பிவிடுவார். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போனபின் சும்மா கிடந்த அந்தக் கான்கிரீட்டில் 1950களின் தொடக்கத்தில் பந்தயம் ஆரம்பித்தது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் அமைந்தது. பொட்டல் வெளி, நிழல் கிடையாது. போய் வந்தால் மாமாவின் முகம் செங்கல் நிறத்தில் இருக்கும். காது இரண்டு நாளைக்கு அடைத்திருக்கும். அந்த இரண்டு நாளும் வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேச வேண்டும். அவரும் பதிலுக்குக் கத்துவார், ஆனந்தமாக.

அவர் கதைகளில் என்னைப் பிடித்துக்கொண்டது வேகத்தைவிட ஒட்டுவேலைதான். வெளிநாட்டுக் காரும் உதிரிபாகமும் எளிதில் உள்ளே வர முடியாத காலம். மதராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயில் செய்த ஃபியட், கல்கத்தா அம்பாசடர், இவைதான் கையில் இருந்தவை. இருக்கையைப் பிடுங்கினார்கள், கூரையை அறுத்தார்கள், எஞ்சின் தலையைச் சீவினார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரே செய்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இல்லாதவனும் ஓட்டிப் பழக முடிந்தது. 1995ல் விமான விபத்தில் அவர் போய்விட்டார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். அதே கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். எங்கள் ஊர் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன்னில் ஓடி ஓய்ந்த ஒரு என்சைன் காரைக் கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். மனிதரின் பிற்காலக் கதை ஊரறிந்தது. ஆனால் மாமாவுக்கு அந்தக் கார் என்றால் அந்தச் சத்தம் மட்டுமே. சோற்றுக் கையோடு, வாயாலேயே கியர் மாற்றிக் காட்டுவார்.

இசை எதிர்வீட்டு வழி. அங்கே இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அந்த வீட்டில் வேலை செய்த என் பாட்டியிடம் பாத்திரங்களோடு ஒரு பெட்டி இசைத்தட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாட்டு வைக்கும் பெட்டியைக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தத் தட்டுகள் வருடக்கணக்கில் அரிசி டிரம்முக்குக் கீழே முட்டுக்கொடுத்துக் கிடந்தன. நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை பஜாரில் ஒரு பழைய பிளேயர் வாங்கிவந்து, முதல் தட்டை வைத்தேன். டிரம்பெட் ஊதும் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். பாட்டி அப்போது இருந்தாள். கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் அந்த அம்மா தினம் சாயங்காலம் கதவைச் சாத்திக்குவாளா?" என்றாள். அந்த வீட்டில் அத்தனை வருஷம் வேலை செய்தும் அவள் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டது அன்றுதான்.

தட்டைத் துடைக்கும்போது நடுவில் ஒட்டிய காகிதத்தில் மேட் இன் இந்தியா என்று பார்த்தேன். அதிலிருந்துதான் என் ஏக்கம் வேறு பக்கம் திரும்பியது.

பழைய 78 வேகத் தட்டு நம் அரக்கால் ஆனது. இந்த அரக்கு, சோட்டா நாக்பூர் காடுகளில் புரசு, இலந்தை, குசும் மரக் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது. ஒரு கிலோவுக்கு 3 லட்சம் பூச்சி வேண்டும் என்பார்கள். பழங்குடி மக்கள் கிளையோடு வெட்டிச் சுரண்டி எடுத்ததைக் கழுவி, நீளத் துணிப்பையில் அடைத்து, நெருப்புக்கு முன்னால் வாட்டி முறுக்குவார்கள். பிதுங்கி வரும் அரக்கைத் தொழிலாளி சூட்டோடு சூடாகக் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்துத் தாளாக இழுப்பார். மிர்சாபூரில் அப்படித்தான் செய்தார்கள். அந்தத் தாள் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து உலகம் முழுக்கப் போனது. பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிக் கொளுத்தப் பார்த்த அதே சரக்கு. தட்டில் அரக்கு ஒரு பங்குதான், மீதியெல்லாம் கல்தூளும் கரியும். தட்டு சுழலும்போது பின்னணியில் வருகிற அந்தச் சீறல் இந்தக் கல்தூளின் சத்தம். இரும்பு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்த வைக்கத் தெரிந்தே கலந்தது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஆஹா, அந்தக் காலம் என்று உருகும் ஒலியில் பாதி, கல்லும் இரும்பும் உரசுவது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பழைய பந்தயங்களைப் பற்றி எழுதிய எவரும் ஒரு வாசனையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எரிந்த இனிப்பு மாதிரி, மூக்கில் ஏறி நிற்கும் வாசனை. இங்கிலாந்தில் குட்வுட் என்ற இடத்தில் 1998லிருந்து ஆண்டுதோறும் பழைய பந்தயக் கார்களை ஓட்டுகிறார்கள். பார்க்க வருகிறவர்களும் அந்தக் கால உடுப்பில் வருவார்கள். அந்த வாசனை காற்றில் வந்ததும் கனவான்கள் மூக்கை உயர்த்தி நின்றுவிடுவார்களாம். அது ஆமணக்கு எண்ணெய். நம் விளக்கெண்ணெய். கொதிக்கும் எஞ்சினில் உலோகத்தை விட்டு நழுவாமல் ஒட்டி நிற்பதால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே இந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போர் விமானங்கள் சிலவற்றில் எரிந்த எண்ணெய்ப் புகை நேராக விமானியின் முகத்தில் அடித்தது. வானத்தில் சண்டை போட்டவர்களுக்கு வயிறு கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டியிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆமணக்கு விதையை உலகத்துக்கு விற்றதில் இந்தியாவுக்கு அன்றும் பெரிய பங்கு. சேலம் பக்கத்து வரப்புகளில் இன்றும் அது கடலைக்கு நடுவே நிற்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட கொஞ்ச நாள் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. மகளிடம் போய், பார், இது இரவல் ஏக்கம் இல்லை, அரக்கும் நம்முடையது, எண்ணெயும் நம்முடையது என்று சொன்னேன். அவள் கேட்டாள்: "பல்லால இழுத்தவங்க அந்தப் பாட்டைக் கேட்டாங்களா?" கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றால் இப்படித்தான்.

பந்தயம், பாட்டு என்ற அந்த இரண்டு ஒலிகளையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது போர். சோழவரம் ஓடுதளம் போரின் மிச்சம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் அப்படியே; விமானத் தளமாக இருந்த இடத்தில்தான் பிறகு கார் ஓடியது. பெங்களூரில் 1940ல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையை 1943ல் அமெரிக்க ராணுவ விமானப்படை எடுத்துக்கொண்டு தன் விமானங்களைப் பழுது பார்த்தது. வந்த சிப்பாய்கள் தங்கள் ஊர் இசையையும் கொண்டுவந்தார்கள். கன்டோன்மென்ட் நடன அரங்குகள் அதுவரை வாசித்துக்கொண்டிருந்ததை அவர்கள் கேட்ட விதத்தில் வாசிக்கக் கற்றன. அதே போர் மறுபக்கம் தட்டுகளைத் தின்றது. இந்திய அரக்கு வருவது தடைப்படவே, 1942 ஏப்ரலில் அமெரிக்கா, ராணுவத்துக்கல்லாத அரக்குப் பயன்பாட்டில் 70 சதவீதத்தை வெட்டியது. புதுத் தட்டு வேண்டுமானால் பழையதைக் கொண்டுவந்து கொடு என்றார்கள். கொடுத்தார்கள், அரைத்து உருக்கினார்கள். எத்தனை ஊர் பேர் தெரியாத பாடகர்களின் ஒரே தட்டு அப்படி இன்னொருவரின் நடனப் பாட்டாக மாறியிருக்கும்! அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு செய்ய மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கியது. அது 1944 வரை நீண்டதால், ஜாஸ் இசை தன் பாதையை மாற்றிக்கொண்ட முதல் நாட்கள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை. ஆக, நான் ஏங்கும் காலம் என்பது தப்பிப் பிழைத்த தட்டுகளின் காலம். அதைக் கேட்டுவிட்டு அந்தக் காலமே பொற்காலம் என்பது, பரீட்சையில் தேறியவர்களை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை மெச்சுவதுதான்.

பந்தயத்துக்கும் அப்படியே. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லு மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பந்தயம் நிற்கவில்லை, மறுநாள் வரை ஓடியது. 1968ல் ஜிம் கிளார்க், அவரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓட்டுநர், ஜெர்மனியில் மரத்தில் மோதிப் போனார். அந்தக் காலத்துப் படங்களில் அவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, சீட் பெல்ட் இல்லாமல் சிரிக்கிறார்கள். அழகான படங்கள். அந்த அழகில் எவ்வளவு, அடுத்த மாதம் இவர் இருக்கமாட்டார் என்று நமக்குத் தெரிந்திருப்பதால் வருகிறது என்று கேட்டுக்கொண்டால், எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ப்ளூஸ் பாடியவர்கள் நிலமில்லாத குத்தகைக் கூலிகள். பாரமவுண்ட் என்ற கம்பெனி அவர்களில் பலரை விஸ்கான்சினுக்கு வரவழைத்துப் பதிவு செய்தது. அது ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை. பாட்டுப்பெட்டிக்கு மரக்கூடு செய்தவர்கள், கூடு விற்கத் தட்டும் போட்டார்கள். தட்டின் தரமும் அதற்கேற்ற மட்டம்தான். இன்று அந்தத் தட்டு ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கார் விலை கொடுப்பார்கள். பாடியவர் வாங்கியது சில டாலர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் ஏக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பிறர் பட்ட பாட்டில் பிறந்த அழகை ரசிப்பது பாவமென்றால் பெரிய கோயில் பக்கம்கூடப் போக முடியாது. என் கேள்வி வேறு. ரசித்துவிட்டு என்ன செய்வது?

இரண்டு காதலும் ஒரே ஆளிடம் இருந்த கதை ஒன்று உண்டு. கிறிஸ் பார்பர் என்ற இங்கிலாந்து டிராம்போன் கலைஞர். லோட்டஸ் எலீட் என்ற கார் 1958ல் விற்பனைக்கு வந்தபோது முதல் காரை வாங்கியவர் அவர்தான். அதே 1958ல், ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸை இங்கிலாந்துக்கு அழைத்துத் தன் குழுவோடு ஊர் ஊராக வாசிக்க வைத்தார். அவருக்குத் தட்டு போதவில்லை, ஆள் வேண்டியிருந்தது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் கதை இன்னும் மேலே போகிறது. 1928ல் சில தட்டுகள் பாடிவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பியவர். 35 வருஷம் யாரும் தேடவில்லை. 1963ல் ஓர் இளைஞர், பழைய தட்டில் ஹர்ட் பாடிய ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு மிசிசிப்பி மாநிலத்து அவலான் என்ற சிற்றூருக்குப் போய் விசாரித்தார். ஆள் அங்கேயே விவசாய வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் விழா மேடையில் பாடினார். 1966ல் இறப்பதற்குள் மறுபடி இசைத்தட்டுகளும் போட்டார். மூன்று வருஷம். ஏக்கம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருந்தால் பதிமூன்றாக இருந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் ஏங்கியிருக்கிறார்கள். பாஸ்டனில் பிறந்த ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மாரியானோ, நம் நாகசுரத்தைக் கேட்டு விட்டுவிட முடியாமல், உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.  எங்கள் ஊர்க் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியின் டி.ஏ.எஸ். மணி, ஆர்.ஏ. ராமமணி குழுவோடு சேர்ந்து 1983ல் ஜ்யோதி என்று ஓர் ஆல்பம் செய்தார். அந்தப் பக்கமிருந்து சாக்ஸபோனை எடுத்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டில் அதைக் கேட்டு மயங்கியவர். மயக்கத்தோடு நிற்காமல், கமகத்துக்கு வளையாத அந்தக் குழலை வளைக்கப் பல வருஷம் உழைத்தார். டூயட் படத்தில் கேட்டு நாம் எல்லோரும் மயங்கினோம். இவர்கள் யாரும் அந்த இசைக்குப் பிறந்த வீட்டுக்காரர்கள் இல்லை. மகள் என்னிடம் கேட்டதை இவர்களிடம் கேட்டிருக்க முடியாது.

எனக்குச் சாக்ஸபோன் வராது. ஆனால் எங்கள் தெரு முனையில், தொட்டிகுண்டா பக்கம் திரும்பும் இடத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணா இருக்கிறார். சோழவரத்துக்கு வண்டி கொண்டுபோனவர். இருபது வருஷமாக அவர் கடையைத் தாண்டித்தான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறேன். இறந்துபோன அமெரிக்கப் பாடகர்களின் பிறந்த ஊர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். இவர் எந்த ஊர் என்று கேட்டதில்லை. திருப்பத்தூர் பக்கமாம்.

பந்தயம் பற்றிக் கேட்டதும் முதலில் அலுத்துக்கொண்டார். "அதெல்லாம் தலைவலி தம்பி. கார்ப்ரேட்டர் கழுவிக் கழுவிக் கையில தோலே இல்ல. அந்த விளக்கெண்ணெய் ஊத்தின எஞ்சினை ரேஸ் முடிஞ்ச அன்னிக்கே பிரிச்சாகணும், இல்லேன்னா பிசினா ஒட்டிக்கும். அவங்க கப்போட போட்டோ எடுப்பாங்க. நாங்க ராத்திரி முழுக்க கெரசின்ல முங்கிக் கெடப்போம்." என் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. பின்கட்டுக் குரல்.

பிறகு தானாகவே பேச்சு வேறு தடத்துக்குப் போனது. இரண்டு கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். மீட்டர் கிடையாது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகே பிடித்து, இந்தச் சீறலும் அந்தச் சீறலும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருகுவார்கள். பேரிங் கேட்க, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைக் காதெலும்பில் அழுத்துவார்கள். வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். "வெள்ளையா இருந்தா பிஸ்டன் உருகிடும். கறுப்பா இருந்தா வண்டி இழுக்காது. டீ கலர்ல இருக்கணும்." அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி ஓர் ஆங்கிலோ இந்தியர். கொட்டகையில் ஒரு பாட்டுப்பெட்டி வைத்திருப்பாராம். எஞ்சின் பிரிக்கும்போது தட்டு ஓடும். மூன்று நிமிஷத்துக்கொரு தரம் பையன் போய்த் திருப்பிப் போட வேண்டும், ஊசி மாற்ற வேண்டும். அந்தப் பையன் இவர். "எண்ணெய்க் கையோட தொட்டா முதுகுல ஒண்ணு விழும். கையைத் தொடைச்சிட்டுத்தான் தொடணும். என்ன பாட்டுன்னு கேக்காதே, எனக்குத் தெரியாது. ஊதறது மட்டும் ஞாபகம்."

இன்றைக்கு வரும் வண்டிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றேன். குறை சொல்வார் என்றிருந்தேன். "நல்ல வண்டி தம்பி. கம்ப்யூட்டர் வெச்சா அதுவே சொல்லிடுது. ஆளு சாகறதில்ல, புகை வர்றதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா யாரும் வண்டியைக் கொண்டாந்து நிறுத்தி, அண்ணா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்றதில்ல" என்றார்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை. எனக்கும் அதுதான் குறையோ என்று அன்று தோன்றியது. என் கைப்பேசி எனக்கு முன்னால் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடுகிறது. என் கார், சேவை செய்ய வேண்டிய தேதியை எனக்குச் சொல்கிறது. நான் கேட்டுச் சொல்ல வேண்டியது எதுவும் வீட்டில் இல்லை. பழைய தட்டை வைத்தால் மூன்று நிமிஷத்தில் எழுந்து போக வேண்டியிருக்கிறது. அந்த மூன்று நிமிஷமும் வேறெதுவும் செய்ய முடிவதில்லை. எழுந்து போவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறதோ என்னவோ. ஆனால் இதையும் பெரிதாக ஊதிவிடக் கூடாது. ஆள் தேவைப்படும் பொருள் என்றால், யாராவது ஓர் ஆள் விடிய விடிய அதன் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்றும் அர்த்தம். பெரும்பாலும் அது தட்டின் சொந்தக்காரராக இருக்காது, கை துடைக்கும் பையனாக இருக்கும். அண்ணாவுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. குழாய் வைத்துக் கேட்ட காது. சைலன்சர் இல்லாத எஞ்சின் பக்கத்தில் நின்ற வருஷங்களுக்கு அதுதான் அவருக்குக் கிடைத்த கோப்பை. இழப்பீடு, மருத்துவச் செலவு என்ற பேச்சே அந்நாளில் யாரும் எடுத்ததில்லை. நான் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். மகள் சில நாள் கைப்பேசியில் பதிவு செய்கிறாள். கேலி குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. பம்பாயின் ஜாஸ் காலத்தை நரேஷ் ஃபெர்னாண்டஸ் தேடித் தேடி ஒரு புத்தகமாக எழுதினார். கோவா இசைக்கலைஞர்கள் இந்திப் படப் பாட்டுகளுக்குப் பின்னால் பெயரில்லாமல் வாசித்த வரலாறெல்லாம் அதில் வெளிச்சத்துக்கு வந்தது. கன்டோன்மென்ட் கொட்டகைகளில் காதில் ரப்பர் குழாய் வைத்தவர்களை அவரவர் தெருக்காரர்தான் எழுத வேண்டும்.

அண்ணா பொங்கல் கழிந்ததும் மகள் வீட்டோடு இருக்க ஓசூர் போகிறார். கடையைச் சேட் ஒருவருக்குப் பேசிவிட்டார்கள். அதற்குள் கேட்டுவிட வேண்டியவை நிறைய இருக்கின்றன. வண்டியை லாரியில் ஏற்றினார்களா, ஓட்டியே போனார்களா? சோழவரத்தில் ராத்திரி எங்கே படுத்தார்கள், சோறு யார் போட்டார்கள்? கூலி நாளுக்கு எவ்வளவு? முதலாளி ஊரை விட்டுப் போனபோது அந்தப் பாட்டுப்பெட்டி யாரிடம் போனது? பொங்கலுக்குள் நாலு ஞாயிறுதான் இருக்கிறது. அதில் ஒன்றில் பேத்திக்குக் காது குத்தல், அவர் வரமாட்டாராம்.